ஒரு புத்தகம் பாக்கி

கையெழுத்துப் போட அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளும் இன்னொரு மனிதரை நான் பார்த்ததில்லை. படிவத்தை மேசைமேல் வைத்ததும் முதலில் கண்ணாடியைத் தேடுவார். அது அவர் தலைமேலேயே இருக்கும். அடுத்து பேனா. பேனா கிடைத்ததும் மூடியைக் கழற்றி, எழுதுகிறதா என்று ஒரு பழைய செய்தித்தாளின் ஓரத்தில் கிறுக்கிப் பார்ப்பார். அப்புறம்தான் படிவத்தையே படிக்கத் தொடங்குவார். மாணவியின் பெயர், அப்பா பெயர், வகுப்பு, பிறந்த தேதி எல்லாவற்றையும் உதடு அசைய வாசித்துவிட்டு, நின்றுகொண்டிருக்கும் என்னைப் பார்த்து, "உக்காரு. இன்னா அவசரம் உனக்கு?" என்பார்.

ஆரணியில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் அவர் நூலகர். நான் அதே பள்ளி அலுவலகத்தில் கிளார்க். பிள்ளைகளுக்கு அவர் லைப்ரரி மிஸ். நாங்கள் இருவருமே பாடம் நடத்தாதவர்கள் என்பதால் எங்களுக்குள் ஓர் ஒட்டுதல் இருந்தது. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

எல்லாவற்றிலும் நிதானம் அவருக்கு. மதியச் சாப்பாட்டை மணி அடித்த பிறகும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். நூலகத்துக்குப் பின்னால் இருந்த தெருவில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தத் தடதட சத்தத்துக்கும் அவர் நடைக்கும் சம்பந்தமே இருக்காது. புத்தகம் எடுக்க வரும் பிள்ளையை எதை எடு என்று சொல்ல மாட்டார். அது அலமாரி அலமாரியாகப் பார்த்துக்கொண்டே போகும். பீரியட் முடிந்தாலும் விரட்டமாட்டார். விடியற்காலையில் எழுந்து வீட்டில் தறி வேலைக்கு உதவிவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் சிலர் உண்டு. அவர்களில் ஒருத்தி படிக்கும் மேசையில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டால், அவள் முன்னால் ஒரு பெரிய அட்லஸைத் திறந்து நிற்கவைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். வாசலில் இருந்து பார்க்கிற ஆசிரியைக்கு அவள் உலகப்படம் படிக்கிற மாதிரித் தெரியும்.

பள்ளியைவிட்டு ஒரு பிள்ளை நின்றால் டிசி கொடுக்க வேண்டும். டிசிக்கு முன்னால் ஒரு படிவம். அதில் ஆய்வகம், விளையாட்டு, நூலகம் என்று மூன்று கட்டங்கள். அந்தந்தப் பொறுப்பாளர், பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் தலைமையாசிரியை டிசியில் ஒப்பமிடுவார். முதல் இரண்டு கட்டமும் அன்றைக்கே நிரம்பிவிடும். நூலகக் கட்டம் மட்டும் காலியாகத் திரும்பி வரும். வேலையில் சேர்ந்த புதிதில் அதை அவருடைய மெத்தனம் என்றே நினைத்தேன்.

இரண்டாவது வருஷம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒருவர் வந்தார். கூலி வேலை செய்கிறவர். மகள் பத்தாவது முடித்து பிளஸ் ஒன் சேர்ந்திருந்தாள். சென்னையில் ஒரு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டார்களாம், அனுப்பப்போவதாகச் சொல்லி விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் டிசி வாங்க வந்தபோது படிவத்தில் அக்கா கையெழுத்து இல்லை. அவரை அழைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். அக்கா நிதானமாகப் பதிவேட்டைப் புரட்டினார். "உங்க பொண்ணு பேர்ல ஒரு புத்தகம் பாக்கி இருக்குதுங்க. கொண்டுவந்து குடுத்துட்டா போட்டுடுவேன்" என்றார்.

அந்த அப்பா மகளைக் கூப்பிட்டுக் கேட்டார். புத்தகம் வீட்டில் இருக்கிறது என்றாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு புக்குக்கு இன்னாம்மா இவ்ளோ பேஜார் பண்றீங்க" என்று சத்தம் போட்டார். இன்னொரு நாள் வேலையை விட்டுவிட்டு வரவேண்டுமே என்ற கோபம் அது. பேசிவிட்டுப் போய்விட்டார்.

நான் பதிவேட்டை எட்டிப் பார்த்தேன். அந்தப் பிள்ளை புத்தகம் எடுத்ததாக இருந்த தேதி, முந்தின நாள். அதாவது டிசி விண்ணப்பம் வந்த பிறகு அக்காவே வகுப்பிலிருந்து அவளைக் கூப்பிட்டு, கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து, வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறார்.

"நேத்து நீங்களே குடுத்துட்டு இன்னிக்கி பாக்கின்றீங்களேக்கா" என்றேன்.

"நேத்து குடுத்தாலும் பாக்கி பாக்கிதான்" என்றார். பதிவேட்டை மூடிவிட்டு, "நான் யாரையும் நிறுத்தல. லேட் பண்றேன், அவ்ளோதான். ஒரு வாரத்துல வீட்ல இன்னா இன்னாவோ மாறும்" என்றார்.

மாறத்தான் செய்தது. அந்த மனிதர் உடனே வரவில்லை. டிசி கொடுக்காததால் பெயர் பதிவேட்டில் இருந்தது. அந்தப் பிள்ளை பாட்டுக்கு தினமும் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தாள். அதற்குள் சென்னை வீட்டுக்காரர்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். அவள் பிளஸ் டூ முடித்தாள். இப்போது செய்யாரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். கம்பெனி பஸ் எங்கள் தெரு முனையில் நிற்கும்போது என்னைப் பார்த்தால் ஜன்னல் வழியாகக் கை காட்டுவாள்.

அதற்குப் பிறகு நானும் கூட்டாளி ஆகிவிட்டேன். டிசி விண்ணப்பம் வந்தால், படிவத்தை முதலில் நூலகத்துக்கு அனுப்புவேன். வேலை மாற்றலாகிப் போகிற குடும்பங்களுக்கு அக்கா தகராறு செய்யமாட்டார். அந்தப் பிள்ளைகள் புதுப் பையோடு துள்ளிக்கொண்டு வரும், பார்த்தாலே தெரியும் என்பார். அப்பாவுக்குப் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளைக்குத்தான் புத்தகம். பத்துப் பேருக்கு இப்படிச் செய்தால் இரண்டு பேர், மூன்று பேர் தங்குவார்கள். மற்றவர்கள் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறவர்கள் வேறு. கல்யாணம் செய்து கொடுக்கிறவர்களுக்கு டிசி எதற்கு? காலாண்டு விடுமுறை முடிந்து வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேராகத் தொடர்ந்து வராதவள் என்று விழும். அக்கா அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "பேப்பரே கேக்காம போறவங்கள நான் இன்னா பண்றது?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டார்.

இதையெல்லாம் எதற்குச் செய்கிறார் என்று அவராக ஒருநாள்தான் சொன்னார், அதுவும் பேச்சோடு பேச்சாக. அவர் ஒன்பதாவது படிக்கும்போது அவருடைய அப்பா சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வந்து டிசி வாங்கியிருக்கிறார். பத்து நிமிஷம்தான் ஆயிற்றாம். சைக்கிளுக்குப் பூட்டுக்கூடப் போடவில்லையாம். கல்யாணமாகி, குழந்தை பிறந்து, வீட்டிலிருந்தபடியே தேர்வு எழுதி எழுதித்தான் இந்த வேலைக்கு வந்திருக்கிறார்.

இவ்வளவோடு நிறுத்தினால் அவரைப் பற்றி நல்லபடியாக மட்டும் சொன்னதாகிவிடும். அவருக்கு அது பிடிக்காது.

ஒரு ஜூன் மாதம், பிளஸ் ஒன் வகுப்பு தொடங்கி இரண்டு வாரம் இருக்கும். ஓர் அம்மா தனியாக வந்தார். அவர் கணவர் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. கணவரின் தம்பி வீட்டில்தான் இருந்தார்கள். அந்த வீட்டில் நான்கு விசைத்தறிகள். அம்மாவும் அதில் வேலை செய்தார். மகள் அமைதியான பிள்ளை, முதல் மூன்று ரேங்குக்குள் வருபவள். டிசி வேண்டும் என்றார். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

"ஜல்தியா குடுத்துடுங்கம்மா. நாளைக்கே வேணும். எதுக்குன்னு மட்டும் கேக்காதீங்க" என்றார்.

எங்கள் பியூன் அப்போது அறைக்குள் தண்ணீர்க் கேன் மாற்றிக்கொண்டிருந்தார். அந்த அம்மா அவரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பியூன் அவர்கள் தெருக்காரர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பார்வையை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணமாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினேன். படிவத்தை அக்காவிடம் கொடுத்தபோது, "ரொம்ப அவசரமாம்க்கா" என்று மட்டும் சொன்னேன்.

"அவசரம்னு வர்றவங்களதான் லேட் பண்ணணும்" என்றார் அக்கா. அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டனுப்பி ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு, ஏதோ சொல்ல நினைப்பதுபோல் கொஞ்சம் நின்றாள் என்று அக்கா பிற்பாடு சொன்னார். அவருக்கு அது அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. அந்த அம்மா காலையிலேயே வந்துவிட்டார். கையெழுத்து இல்லை, ஒரு புத்தகம் பாக்கி என்று சொன்னதும் நூலகத்துக்கு ஓடினார். நானும் பின்னால் போனேன். புத்தகத்தை அப்புறம் கொடுத்தனுப்புகிறேன், இப்போது கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்று கெஞ்சினார். அக்கா மரியாதையாகத்தான் மறுத்தார். கொண்டு வாங்க, போடுறேன் என்றார். நூலகத்தில் ஒரு வகுப்புப் பிள்ளைகள் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா வாசலில் நின்று இரண்டு தடவை வாயைத் திறந்தார். பிள்ளைகளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். அக்கா எனக்குக் கண்ணால் ஜாடை காட்டினார். ஒரு பிள்ளையைப் பிடித்து வைத்துவிட்டோம் என்று அர்த்தம். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. மகளும் வரவில்லை. திங்கட்கிழமை அம்மா மட்டும் வந்தார். புடவை முந்தானையைத் தலையோடு இழுத்துப் போர்த்தியிருந்தார். நேராக நூலகத்துக்குப் போய்ப் புத்தகத்தை மேசைமேல் வைத்தார்.

"வேலூர்ல ஒரு ஆஸ்டல் ஸ்கூல்ல எடம் வாங்கியிருந்தேங்க. யாருக்கும் தெரியாம. வெள்ளிக்கெழமையோட கடைசி நாளு" என்றார். "எங்க கொழுந்தனாரு அவரு மச்சானுக்கு கட்டிவெக்கறேன்னு நிக்கறாரு. அதுக்கோசரம்தான் அவள அங்க அனுப்ப பாத்தேன்."

புத்தகத்தை எடுக்க வியாழக்கிழமை அவர் வீட்டுக்குப் போன நேரத்தில் மின்வெட்டு. தறி நின்றுபோய்க் கொழுந்தனார் வீட்டில் இருந்திருக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு ஒரே நாளில் இரண்டு நடை எதற்கு என்று கேட்டிருக்கிறார். பிறகு பியூனுக்குப் போன் போட்டு டிசி விஷயத்தைத் தெரிந்துகொண்டிருக்கிறார். அவ்வளவுதான்.

அக்கா படிவத்தை இழுத்தார். கண்ணாடி தேடவில்லை, படித்துப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டு நீட்டினார். அந்த அம்மா அதை வாங்கவில்லை. "இனிமே எதுக்குங்க அது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மதியம் அக்கா அந்த விடுதிப் பள்ளிக்குப் போன் செய்தார். இடம் வேறொரு பிள்ளைக்குப் போய்விட்டது என்றார்கள். தலைமையாசிரியையிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னார். அவர் வாங்கிய திட்டு எங்கள் அறைவரை கேட்டது. தலைமையாசிரியையே குழந்தைகள் நலத்துக்கான அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தார். அவர்கள் வந்தார்கள். பதினெட்டு வயது ஆகும்வரை கல்யாணம் செய்யமாட்டோம் என்று கொழுந்தனார் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆவணியில் வெளியூர்க் கோயில் ஒன்றில் கல்யாணம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு முப்பத்தைந்துக்கு மேல். தேசூரில் மாவு மில் வைத்திருக்கிறவர். மறுபடியும் புகார் கொடுத்தோம். ஒரு தடவை விசாரிக்க வந்தார்கள். பெண்ணே விருப்பப்பட்டுத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டாளாம். அக்கா இரண்டு முறை அந்த அம்மாவைப் பார்க்க வீட்டுக்குப் போனார். இரண்டு முறையும் கதவு திறக்கவில்லை. உள்ளே தறி ஓடுகிற சத்தம் கேட்டதாம்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் அக்கா எந்தப் படிவத்தையும் தாமதிக்கவில்லை. நான் கொண்டுபோனதும் நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிடுவார். பெயரைக்கூடப் பார்க்கமாட்டார். அது முன்னதைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகள் வந்தார்கள், போனார்கள். "இவளுக்கு மட்டும் ஒரு புக்கு குடுக்கலாமாக்கா?" என்று ஒருமுறை நானே கேட்டேன். "எனக்கு எப்படித் தெரியும், யார நிறுத்தணும் யார அனுப்பணும்னு?" என்றார். டிசியை அச்சடித்துக் கொடுத்தேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில மாதங்களில் மட்டும் வேறொரு வழக்கம் பிடித்தார். அப்பாவையோ அம்மாவையோ ஏதாவது காரணம் சொல்லி என்னிடம் அனுப்பிவிடுவார். நான் ஆதார் நகல் கேட்டு, பிறந்த தேதியைச் சரிபார்த்து, பத்து நிமிஷம் ஓட்டுவேன். அந்தப் பத்து நிமிஷத்தில் அவர் பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து எங்கே போகிறாய், உனக்கு இஷ்டமா என்று கேட்பார். முக்கால்வாசிப் பேர் பேசமாட்டார்கள். பேசின ஓரிரண்டு பேருக்கு முடிந்ததைச் செய்தார். அவர் போன பிறகு அந்தப் பணியிடத்தை நிரப்பவில்லை. நூலக அறையில் இப்போது கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. டிசியும் ஆன்லைனில்தான், கட்டங்கள் கிடையாது. பட்டனை அழுத்தினால் பிரிண்டரில் வந்துவிடுகிறது.

அந்தப் பத்து நிமிஷ வழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அந்த வழக்கம் தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு தேசூர் போனார். வந்தவாசியில் பஸ் மாறினோம். மாவு மில் என்று கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். அந்தப் பெண்தான் கதவைத் திறந்தாள். பத்தொன்பது வயது இருக்கும். எங்களை அடையாளம் கண்டுகொண்டு, "மிஸ்" என்றாள். பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டாள். மேசை விசிறியை அக்கா பக்கம் திருப்பி வைத்தாள். கட்டிலில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் உடம்பு இளைத்திருந்ததே தவிர, முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. டீ போட்டுக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

அக்கா, தான் செய்தது தப்பு என்று ஆரம்பித்தார். எதைச் சொல்ல வேண்டுமென்று நாள் கணக்கில் யோசித்து வைத்திருப்பார்போல. ஆனாலும் வார்த்தை திக்கியது. அவள் இடைமறித்தாள்.

"விடுங்க மிஸ். உங்களுக்கு இன்னா தெரியும்?" என்றாள். குழந்தைமேல் உட்கார்ந்த ஈயை ஓட்டினாள். பிறகு வழி சொல்லுகிற குரலில், கோபமே இல்லாமல் சொன்னாள். "ஒன்னு மட்டும் நெனச்சிப்பேன் மிஸ். அன்னிக்கி கூப்ட்டு புக்க குடுத்தீங்களே, அப்ப எங்க போறன்னு என்ன ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இப்ப கேக்கறேன்மா" என்றார். "உனக்கு இன்னா வேணும், சொல்லு."

அவள் அக்காவையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, சேலை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டாள். அப்போது தெருப் பக்கம் பேச்சுக்குரல் கேட்டது. அவள் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கைகளில், புருவத்தில் எல்லாம் மாவு. எங்களைப் பார்த்து மரியாதையாகக் கும்பிட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்கிறீர்களா, என்ன விஷயம் என்று கேட்டார். சும்மா இந்தப் பக்கம் வந்தோம், பார்த்துவிட்டுப் போகலாம் என்று நான் சொன்னேன். நல்லதுங்க என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு எதிரே இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அவர் எழுந்திருக்கமாட்டாரா என்று நான் காத்திருந்தேன். மழை பற்றிப் பேசினார், பஸ் நேரம் பற்றிப் பேசினார். அக்கா அந்தப் பெண்ணின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

"டீ ஆறிப்போவுது மிஸ், குடிங்க" என்றாள் அவள்.

அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. பள்ளியில் இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவர் சர்க்கரை போட்ட டீயைத் தொட்டதில்லை. அன்று டம்ளரை எடுத்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.